ஒரு சாண் பட்டு

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

போன வாரம் நீலப் பட்டில் நூல்வேலை செய்த ஒரு துணியின் படத்தைப் போட்டிருந்தேன். "டீச்சர், செல்போன் பையா?" என்று ஒருவர். "கோயில் கொடியா?" என்று இன்னொருவர். "பேத்தி பிறந்திருக்கிறாளா, சொல்லவே இல்லையே" என்று எங்கள் தெருக்காரர் ஒருவர். மூன்றும் இல்லை. அகலம் நாலு அங்குலம், நீளம் ஒரு சாண். மேலே தோல் பெல்ட் நுழைகிற மாதிரி ஒரு மடிப்பு. என் மகள் சண்டைக்குப் போகும்போது இடுப்பில் தொங்கவிட்டுக்கொள்வதற்காக நான் செய்து கொடுத்தது.

ஆமாம், சண்டைதான். இரும்புத் தொப்பி, கவசம், கேடயம், வாள் எல்லாம் உண்டு. அவளுக்கு வயது 37. பிட்ஸ்பர்க்கில் வேலை. வாரத்தில் ஐந்து நாள் கணினி முன்னால் உட்காருவாள், ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் வாள் வீசுவாள்.

அமெரிக்காவில் எஸ்.சி.ஏ. என்று ஓர் அமைப்பு இருக்கிறது. சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனக்ரோனிசம் என்பது முழுப் பெயர். 1966 மே 1 அன்று கலிபோர்னியாவில் பெர்க்லி ஊரில், ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் நண்பர்கள் சேர்ந்து நடத்திய ஒரு கொண்டாட்டத்தில் ஆரம்பித்தது. 17-ஆம் நூற்றாண்டுக்கு முந்திய உலகத்தைப் புத்தகத்தில் படிப்பதோடு நிற்காமல் கையால் செய்து பார்ப்பதுதான் இவர்கள் நோக்கம். அந்தக் காலத்துச் சமையல், நெசவு, தோல்வேலை, நடனம், எழுத்துக்கலை எல்லாம் செய்கிறார்கள். சண்டையும் அதில் ஒன்று. தங்களுக்குள் 20 ராஜ்ஜியங்களாகப் பிரிந்திருக்கிறார்கள். ராஜா ராணியும் உண்டு. போட்டியில் ஜெயித்தவரும், அவர் யார் பெயரைச் சொல்லிப் போட்டியில் இறங்கினாரோ அவருமாகச் சேர்ந்து முடி சூடுவார்கள். பிட்ஸ்பர்க்குக்கு வடக்கே ஸ்லிப்பரி ராக் என்ற ஊர்ப்பக்கம், 1972-இல் தொடங்கிய பென்சிக் என்று ஒரு பெரிய கூட்டம் கோடையில் நடக்கிறது. பத்தாயிரம் பேர் அளவுக்குக் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். நம்மூர்த் திருவிழா மாதிரிதான்.

வாள் என்றேனே, அது எதனால் ஆனது என்று தெரிந்ததும் சிரித்துவிட்டேன். பிரம்பு! ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறையாத தடிமனுள்ள பிரம்பின் மேல் வெள்ளி நிற டேப் சுற்றியிருக்கிறார்கள். எங்கள் ஆசிரியர் அறையில் பீரோ மேல் ஒரு கட்டுப் பிரம்பு கிடக்கும். அதன் தடிமன் சுண்டுவிரல்கூட இருக்காது. அதற்கே பிள்ளைகள் கையை இழுத்துக்கொள்ளும். இந்தப் பிரம்பு முழு வேகத்தில் விழுகிறது. அதனால்தான் தலைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் எஃகுத் தொப்பி, கழுத்துக்கு, முழங்கைக்கு, முழங்காலுக்கு, சிறுநீரகத்துக்கு என்று தனித்தனிக் காப்பு. இத்தனைக்குப் பிறகும் என் மகளின் தொடையில் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போன இடங்களைப் பார்த்தேன். பெற்றவளுக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்தது அவர்களுடைய விதிமுறை. அடி சரியாக விழுந்ததா என்று யார் தீர்ப்புச் சொல்வது? நடுவர்கள் நிற்கிறார்கள். கவசம் கழன்றுவிட்டதா, யாராவது வேலிக்கு மேல் விழப் போகிறார்களா என்று பாதுகாப்பைப் பார்ப்பதுதான் அவர்கள் வேலை. அடித்தவரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அடி வாங்கியவர்தான் சொல்ல வேண்டும். "இது உண்மையான வாளாக இருந்திருந்தால் நான் செத்திருப்பேன்" என்று தனக்குத் தோன்றினால் "குட்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கீழே விழுந்துவிட வேண்டும். கையில் பட்டால் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு மற்றக் கையால் சண்டை போட வேண்டும். காலில் பட்டால் முட்டி போட்டு. லேசாக உரசிப் போனது, வாள் பட்டையாகத் திரும்பிப் பட்டது என்றால் செல்லாது. ஆனால் அதையும் அடி வாங்கியவர்தான் சொல்ல வேண்டும். கவசத்துக்குள் என்ன உறைத்தது என்று அவருக்கு மட்டும்தானே தெரியும்?

முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவள் நான். பிரம்பு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் தீர்ப்புச் சொல்வார் என்ற ஏற்பாட்டையே பார்த்தவள். 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதைத் தடை செய்தது. அதற்கு முன்னால் இருந்த வகுப்பறைகளை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அடி வாங்கியவள் வாயைத் திறக்கக் கூடாது. இங்கே அதே பிரம்பு, ஆனால் அடி வாங்கியவள் சொல்வதே முடிவு. பொய் சொன்னால் ஜெயித்துவிடலாம். உண்மை சொன்னால் தோற்க வேண்டும். சாட்சி யாரும் இல்லை.

நான் தைத்த துணி இந்த இடத்துக்குத்தான் வருகிறது.

அதற்கு அங்கே 'ஃபேவர்' என்று பெயர். சண்டைக்குப் போகிறவருக்கு அவரை நேசிக்கிற ஒருவர் கொடுக்கிற அடையாளத் துணி. ஐரோப்பாவின் பழைய வீரக்கதைகளில் பெண்கள் தங்கள் சட்டைக் கையைக் கழற்றிக் கொடுப்பார்கள். அந்தக் காலத்தில் உடையின் கைப்பகுதியைத் தனியாகக் கழற்றவும் மாட்டவும் முடியும். மாலரி எழுதி 1485-இல் காக்ஸ்டன் அச்சிட்ட ஆர்தர் ராஜா கதையில், எலைன் என்ற பெண் முத்துப் பதித்த சிவப்புச் சட்டைக் கையை லான்சலட்டுக்குக் கொடுக்கிறாள். அவன் அதைத் தொப்பியில் கட்டிக்கொண்டு போகிறான். அந்தக் காதல் அவளைக் கொன்றுவிடுகிறது. எனக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை.

பிடித்தது வேறொன்று. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வுல்ஃப்ரம் என்ற ஜெர்மன் கவிஞர் எழுதிய பார்சிவல் காவியத்தில் ஒபிலோட் என்று ஒரு சின்னப் பெண் வருகிறாள். பொம்மை வைத்து விளையாடுகிற வயது. அவள் அப்பாவின் ஊரை எதிரிகள் வளைத்துக்கொள்கிறார்கள். வழிப்போக்கனாக வந்த கவான் என்ற வீரனிடம் போய் "எங்களுக்காகச் சண்டை போடு" என்று கேட்கிறாள். அவனும் பெரிய மனுஷியிடம் பேசுகிற மரியாதையோடு சம்மதிக்கிறான். இப்போது இவளுக்கு ஒரு கவலை. அவனுக்குக் கொடுக்கத் தன்னிடம் ஒன்றும் இல்லையே! அப்பாவிடம் போகிறாள். வீட்டில் அவளுக்குப் புது உடை தைக்கிறார்கள். அதில் ஒரு கையை மட்டும் எடுத்து அவனுக்கு அனுப்புகிறார்கள். அவன் அதைக் கேடயத்தில் அடித்துக்கொண்டு போருக்குப் போகிறான். திரும்பி வரும்போது குத்துப்பட்டுக் கிழிந்திருக்கிறது. அந்தக் கிழிசலை ஒபிலோட் வெறுங்கையில் பெருமையாக மாட்டிக்கொள்கிறாள்.

ஆக, இது காதலர்களின் சமாச்சாரம் மட்டும் இல்லை. எஸ்.சி.ஏ.விலும் அப்படித்தான். மனைவி கொடுக்கிறாள், கணவன் கொடுக்கிறான், பிள்ளைகள் கொடுக்கிறார்கள், நண்பர்கள் கொடுக்கிறார்கள். ஆனால் அதை வாங்கிக் கட்டிக்கொண்டவருக்கு ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. மைதானத்தில் அவர் முறைதவறி நடந்தால் துணி கொடுத்தவருக்கும் தலைகுனிவு என்பது அங்கே எல்லாரும் ஏற்றுக்கொண்ட மரபு.

ஏப்ரலில் நான் போய் இறங்கிய மூன்றாம் நாள் மகள் கேட்டாள். "அம்மா, எனக்கு ஒரு ஃபேவர் பண்ணித் தர்றியா?"

வழக்கமாக நான் கேட்கிற கேள்வியை எல்லாருக்கும் தெரியும். கல்யாணம். 37 வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு காஞ்சிபுரத்தில் ஒரு விசேஷத்துக்கும் போய்வர முடியாது. பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவர்கூடக் கேட்பார். 'கொடுக்க வேறு யாரும் இல்லை என்பதால் என்னிடம் வருகிறாளா' என்றுதான் எனக்கும் தோன்றியது. கேட்டேவிட்டேன்.

"ஃபிரெண்ட்ஸ் ரெண்டு பேர் தர்றேன்னு சொன்னாங்கம்மா. நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேன். நீ பின்பக்கம் பார்ப்ப. அதனாலதான்."

என்னிடம் படித்தவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். என் வகுப்பில் பிள்ளைகள் தைத்துக் கொண்டுவந்த கைக்குட்டையை வாங்கியதும் நான் முதலில் திருப்பித்தான் பார்ப்பேன். முன்பக்கம் பூ அழகாக இருக்கும். பின்பக்கம் முடிச்சும் தொங்கலுமாக, ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்கு நூல் குறுக்கே தாவி ஓடியிருக்கும். பிரித்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்வேன். முன்பக்கம் பார்க்கிறவர்களுக்கு, பின்பக்கம் துணிக்கு. பின்பக்கம் சரியில்லாத வேலை பத்துத் துவைப்புக்கு நிற்காது. என் மகளும் அதே பள்ளிக்கூடத்தில், அதே வகுப்பில் உட்கார்ந்தவள். ஆறாம் வகுப்பில் ஒரே வாத்தை நாலு தரம் பிரித்திருக்கிறாள். அம்மா என்று சலுகை கிடையாது. அன்று அழுத பிள்ளை இருபத்தைந்து வருடம் கழித்து அதற்காகவே என்னைக் கேட்கிறது.

செய்யலாம் என்றேன். துணிக்கு எங்கே போவது என்று அவள் அலமாரியைத் திறந்தால், மேல்தட்டில் அந்தப் புடவை.

2011-இல் அவள் கல்யாணத்துக்கென்று எடுத்தது. எம்.எஸ். நீலம். நான் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். என் அண்ணன் தறியில் சொல்லி நெய்தது. 2014-இல் அவள் வேலைக்கு அமெரிக்கா கிளம்பியபோது "உன்கிட்டயே இருக்கட்டும், எப்போ வேணும்னாலும் உதவும்" என்று பெட்டியில் வைத்து அனுப்பினேன். அதற்குள் இருந்த அர்த்தம் அவளுக்கும் தெரியும். எடுத்துப் பிரித்தேன். ஒரே மடிப்பில் வருடக்கணக்காக இருந்தால் பட்டு மடிப்போரத்தில் இற்றுப்போகும். நல்லவேளை, அவள் அவ்வப்போது மாற்றி மடித்து வைத்திருக்கிறாள். சுருக்கம் இல்லை, கறை இல்லை. முந்தானையை அடுத்து ரவிக்கைத் துண்டு, வெட்டாமல் புடவையோடு சேர்ந்தே இருந்தது.

இரண்டு நாள் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரவிக்கைத் துண்டை வெட்டினால் புடவைக்கு ஒன்றும் ஆகாது. ஆறு கஜமும் அப்படியே இருக்கும். வேறு துணியில் ரவிக்கை தைத்துக்கொள்ளலாம். தையல்காரி புத்திக்கு இது தெரிகிறது. ஆனால் வெட்டினால் அது கல்யாணப் புடவை இல்லை, சாதாரணமாக ஒரு புடவை. பதினான்கு வருடமாக ஒரு நாளுக்காகக் காத்திருந்த பொருள் அது. கத்தரி வைப்பது என்றால், நானும் அந்தக் காத்திருப்பை நிறுத்துகிறேன் என்று அர்த்தம். மகள் ஒன்றும் சொல்லவில்லை. "கடையில் நீலப் பட்டு கிடைக்கும்மா" என்று மட்டும் ஒரு தரம் சொன்னாள். மூன்றாம் நாள் காலையில் அவள் வேலையில் உட்கார்ந்த பிறகு, இழை பார்த்து நேராக வெட்டினேன். பட்டு கத்தரியில் ஒரு சத்தம் கொடுக்கும். கேட்டவர்களுக்குத் தெரியும்.

இனி வேலை. தையல் தெரிந்தவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். மற்றவர்கள் தாவிப் போகலாம்.

எஸ்.சி.ஏ.வில் ஒவ்வொருவரும் ஒரு சின்னம் வைத்துக்கொள்ளலாம். இன்னொருவர் சின்னம் மாதிரி இருக்கக் கூடாது என்று சரிபார்த்துப் பதிவு செய்கிறார்கள். அதற்கு ஐரோப்பியக் கேடயச் சின்னங்களின் பழைய விதி ஒன்று உண்டு. பொன்னும் வெள்ளியும் 'உலோகம்'. சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு, ஊதா 'நிறம்'. நிறத்தின் மேல் நிறம் வைக்கக் கூடாது, உலோகத்தின் மேல் உலோகம் வைக்கக் கூடாது. தூரத்திலிருந்து பார்த்தாலும் பளிச்சென்று பிரிந்து தெரிய வேண்டும் என்பதுதான் காரணம். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை வைத்தால் சரிகைக் கோடு ஒன்று நடுவில் வேண்டும் என்று எங்கள் அப்பா சொல்வாரே, அந்தக் கணக்கு.

மகளின் சின்னம்: நீலத் தளம், நடுவில் சாய்வாகப் பொன்னில் ஒரு தறி நாடா, மேலும் கீழும் ஒவ்வொரு வெள்ளை நட்சத்திரம். நாடா என்றால் இடுப்பில் கட்டுகிற நாடா இல்லை. தறியில் ஊடை நூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுமே, அந்த மர நாடா. "இது எப்படி அவங்க ஊர்ச் சின்னமாகும்?" என்று கேட்டேன். இங்கிலாந்தில் ஷட்டில்வர்த் என்ற குடும்பத்தின் கேடயத்தில் மூன்று நாடா இருக்கிறது என்று படம் காட்டினாள். பெயரிலேயே நாடா இருப்பதால் வைத்துக்கொண்டார்களாம். எங்களுக்கு வீட்டிலேயே இருந்தது.

படத்தைத் துணியில் இறக்குவதற்கு அந்தக் காலத்து முறை: தாளில் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகத் துளை போட்டு, துணி மேல் வைத்துக் கரித்தூளைத் தேய்க்க வேண்டும். நம்மூர் ஆரி வேலைக்காரர்கள் பட்டர் பேப்பரில் துளை போட்டு மண்ணெண்ணெயில் குழைத்த பவுடரைத் தேய்க்கிறார்களே, அதேதான். பட்டுக்கு அடியில் கனமான லினன் துணி ஒன்றைச் சேர்த்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டினேன். பட்டு தனியாகப் பொன் நூலின் பாரத்தைத் தாங்காது.

பொன் நூல் தபாலில் வந்தது. நுனியைப் பிரித்துப் பார்த்தேன். நடுவில் மஞ்சள் நூல், அதைச் சுற்றி மெல்லிய உலோகத் தகடு. நம் சரிகையில் சிவப்புப் பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன் முலாம் கொடுப்பார்கள். உள்நூலின் நிறம்தான் வேறே தவிர, யோசனை ஒன்றுதான். சின்ன வயதில் தார் சுற்றும்போது கையில் ஒட்டிய சரிகைத் துணுக்கு ஞாபகம் வந்தது.

இந்த நூலை ஊசியில் கோத்துத் துணிக்குள் இழுத்தால் தகடு உரிந்துவிடும். மேலே கிடத்தி, வேறொரு நூலால் பிடித்துத் தைக்க வேண்டும். 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துத் தையல்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். லினன் நூல் கோத்த ஊசி அடியிலிருந்து மேலே வரும், பொன் நூலைச் சுற்றிக்கொண்டு அதே துளைக்குள் திரும்ப இறங்கும். அடியில் சுண்டி இழுத்தால் பொன் நூல் ஒரு கடுகளவு வளைந்து பின்பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். பிடித்திருக்கிற நூல் மேலே தெரியவே தெரியாது. பொன் மட்டும் தெரியும். ஒவ்வொரு வளைவும் கதவுக் கீல் மாதிரி வேலை செய்வதால் துணி விறைக்காமல் வளைந்து கொடுக்கும். லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் சையன் கோப் என்று ஒரு பாதிரியார் மேலங்கி இருக்கிறது. 1310–1320 காலத்தது. அதில் இந்த வேலைதான். எழுநூறு வருடம் நின்றதற்குக் காரணம் பின்பக்கம். என் வகுப்பில் இதை முன்பே சொல்லியிருந்தால் இன்னும் நாலு பிள்ளைகள் கேட்டிருப்பார்கள்!

மூன்று மில்லிமீட்டருக்கு ஓர் இழுப்பு. சின்ன மாதிரித் துணியில் நாலு நாள் பழகிய பிறகுதான் பட்டில் கை வைத்தேன். நாடாவுக்கு மட்டும் ஐந்நூறு இழுப்புக்குக் கிட்டத்தட்ட ஆனது. சுண்டுகிற பலம் ஒரே அளவாக இருக்க வேண்டும். குறைந்தால் நூல் தூக்கிக்கொள்ளும், கூடினால் அறுந்துவிடும்.

நட்சத்திரத்துக்கு முறுக்கில்லாத வெள்ளைப் பட்டு. காஞ்சிபுரத்துப் பட்டு முறுக்கேற்றியது. இது அப்படி இல்லை, பாலாடை மாதிரி. விரலில் ஒரு சொரசொரப்பு இருந்தாலும் பிடித்துக்கொண்டு பிரிந்துவிடும். பாத்திரம் தேய்த்த கை எனக்கு. தினமும் உட்காருவதற்கு முன் சர்க்கரையும் தேங்காயெண்ணெயும் கலந்து கையைத் தேய்த்துக் கழுவிக்கொள்வேன். தையல், ஒவ்வொரு தையலின் நுனியையும் அடுத்த தையல் நடுவில் பிளந்துகொண்டு வருகிற வகை. காம்புத் தையலைவிட நெருக்கம். பட்டு போகிற திசையைத் திருப்பினால் வெளிச்சம் திரும்பும். ஒரே வெள்ளை நூலில் நட்சத்திரத்தின் ஐந்து முனையும் ஐந்து வெள்ளையாகத் தெரிந்தது.

எனக்கு வலது கண்ணில் கண்புரை அறுவை ஆகிவிட்டது. இடது கண் இன்னும் காத்திருக்கிறது. நாற்பது நிமிடத்துக்கு மேல் ஊசிமுனை இரண்டாகத் தெரியும். அதனால் காலையில் நாற்பது நிமிடம், மதியம் நாற்பது நிமிடம், ஜன்னலோரம் மட்டும். விளக்கு வெளிச்சத்தில் தொடுவதில்லை. ஏழு வாரம் ஆனது. இவ்வளவு நுணுக்கமான வேலை இனி என்னால் ஆகுமா என்று சொல்ல முடியாது. அதை மகளிடம் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்வாள்.

ஒரு நாள் அவள் அலுவலகக் கூட்டத்துக்கு நடுவில் தண்ணீர் குடிக்க வந்தவள், சட்டத்தைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். முடிச்சு ஒன்றுகூட இல்லை. பொன் நூலின் முனைகளை எல்லாம் அடியில் இறக்கி மடித்துத் தைத்திருந்தேன். நாடாவின் பின்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னப் பொன் புள்ளிகள் வரிசையாக நின்றன. ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போனாள். ஆறாம் வகுப்புக் கணக்கு அன்றைக்குத் தீர்ந்தது என்று நினைக்கிறேன்.

ஜூலை முதல் வாரம் ஒரு பூங்கா மைதானத்தில் சின்னப் போட்டி. இருபது பேர் இருக்கும். கயிறு கட்டிய வட்டத்துக்கு வெளியே எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். போட்டி தொடங்கும் முன் ஒவ்வொருவராக வந்து, தாங்கள் யாருக்காக இறங்குகிறோமோ அவர்களுக்கு வணக்கம் சொல்கிறார்கள். இரும்புத் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் மகள் என் முன்னால் ஒரு முழங்கால் மடித்தாள். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பேரனும் அன்றைக்கு இறங்கியிருந்தான்.

இந்த இடத்தில் நீங்கள் எல்லாரும் 'புறநானூற்றுத் தாய்' என்று கமெண்ட் போடப் போகிறீர்கள் என்று தெரியும். வேண்டாம். அந்தத் தாய்கள் அனுப்பிய பிள்ளைகள் திரும்பி வரவில்லை. இங்கே செத்தவர்கள் எழுந்து வந்து எலுமிச்சை ஜூஸ் குடிக்கிறார்கள். என்னை அந்த வரிசையில் வைப்பது அவர்களுக்கு அவமரியாதை.

இரண்டு சண்டையில் ஜெயித்தாள். மூன்றாவதில் எதிராளி அவளைவிட ஒரு முழம் உயரம். காலில் அடி விழுந்ததும் மண்டியிட்டாள். மண்டியிட்டபடியே அவன் கையில் ஒன்று போட்டாள். அவன் ஒரு கையோடு, இவள் முட்டியில். எனக்கு மூச்சு விட முடியவில்லை. அப்புறம் இரண்டு கேடயமும் மோதின. ஒரு சத்தம் கேட்டது. பிரம்பு கேடயத்தில் பட்டதா, உடம்பில் பட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. நடுவர் அந்தப் பக்கம் இல்லை. எதிராளியே அடி விழவில்லை என்று நினைத்து, அடுத்த வீச்சுக்குக் கேடயத்தைத் தூக்கிவிட்டான். அவன் விலாப்பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது. ஒரு வீச்சு போதும்.

அவள் வாளை இறக்கி, "குட்" என்று சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள்.

அவன் குனிந்து ஏதோ கேட்டான். தொப்பிக்குள்ளிருந்தே தலையை ஆட்டினாள். கைகொடுத்துத் தூக்கிவிட்டான். அவ்வளவுதான். கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள். யாருக்குக் கைதட்டுகிறார்கள் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. ஜெயித்தவனும் அவள் பக்கம் திரும்பிக் கைதட்டிக்கொண்டிருந்தான்.

காரில் வரும்போது கேட்டேன். "நெஜமாவே பட்டுச்சா?"

"பட்டுச்சும்மா. ஃபேவருக்கு ரெண்டு விரக்கடை மேல."

"வலிச்சுதா?"

"இப்போதான் வலிக்குது."

வீட்டுக்கு வந்து ஐஸ் ஒத்தடம் கொடுத்தேன். இடுப்பெலும்புக்கு மேலே பிரம்பின் தடம் தெளிவாக இருந்தது. யாரும் பார்க்காத அடி. நான் பார்த்தேன், அவள் சொன்ன பிறகு.

அவளை வளர்த்ததில் எது சரி, எது போதவில்லை என்று இந்த வயதில் ராத்திரிகளில் கணக்குப் பார்ப்பது வழக்கம். கல்யாணம் ஆகவில்லை, குழந்தை இல்லை, தூரதேசத்தில் தனியாக இருக்கிறாள் என்று அந்தக் கணக்கில் ஒரே பற்றாகவே எழுதிக்கொண்டிருப்பேன். முன்பக்கத்தை மட்டும் பார்க்கிற உறவுக்காரர்கள் கேட்கிற கேள்விகள் இவை. அன்றைக்கு அந்த மைதானத்தில் அவள் வாளை இறக்கியபோது, தெரிய வேண்டியது எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குமேல் நான் பிரித்துப் போடச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஊருக்கு வந்துவிட்டேன். புடவை அவளிடம்தான் இருக்கிறது. பிட்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் போகும்போது கறுப்பு ரவிக்கை போட்டுக் கட்டிக்கொண்டு படம் அனுப்பியிருந்தாள். நன்றாகத்தான் இருக்கிறது.

ஃபேவரின் அடி ஓரம் பெல்ட் பக்கிளில் உரசி இழை பிரிகிறதாம், நேற்றுப் போனில் சொன்னாள். தண்ணீரில் நனைக்காதே, பொன் நூல் கறுக்கும் என்றேன். பழைய மல் துணியில் சுற்றி வை, பிளாஸ்டிக் உறையில் போடாதே என்றேன். ஓரத்துக்கு அதே நீல இழையில் சுற்றுத் தையல் போட்டால் போதும், உனக்கே தெரியும், ஆறாம் வகுப்புப் பாடம்தான் என்றேன்.

"நானே போட்டுடட்டுமா?"

"போடு. போட்டுட்டுப் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு."